ஓடும்போது மட்டும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் வலிக்கின்றன. காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 44. காலையில் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, இடப்பக்க மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலிக்கின்றன. இந்தப் பல்தான் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் வலி அடங்கிவிடுகிறது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தையோ ஈறு வீக்கமோ இல்லை என்றார். வேர்ச்சிகிச்சை செய்துகொண்டால் தீருமா?

மறுமொழி (உடற்பயிற்சி செய்பவர்):
எடை தூக்கும்போது பல்லை இறுகக் கடிக்கும் பழக்கத்தால் எனக்கும் தாடை வலித்தது. நீங்களும் அப்படிக் கடிக்கிறீர்களா என்று கவனியுங்கள்.

மறுமொழி (பல் மருத்துவர்):
கடிப்பதால் வரும் வலி பெரும்பாலும் கன்னத் தசையிலும் காதுக்கு முன்னுள்ள மூட்டிலும் தெரியும். நீங்கள் சொல்வது அப்படித் தோன்றவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதபோதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. குறை காணப்படாத பல்லில் தயவுசெய்து கைவைக்க வேண்டாம்.

வலியைக் கிளப்புவது உடல் உழைப்பா, கால் தரையில் மோதும் அதிர்வா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். மாடிப்படி ஏறினாலும் வேகமாக நடந்தாலும் தாடையில், குறிப்பாகக் கீழ்த்தாடையில் வலி வந்து, ஓய்வெடுத்த சில நிமிடங்களில் மறைகிறது என்றால், அது இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் வலியாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மார்பு வலியே இல்லாமலும் இப்படி வருவதுண்டு. ஓய்வில் எடுத்த ஈசிஜி இயல்பாக இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அத்தகைய வலி என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால், அல்லது வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

உங்களுக்கு மாடி ஏறும்போது வலிக்கிறதா? நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தித் தரையில் இறக்கினால், அல்லது குனிந்தால், என்ன ஆகிறது?

கேட்டவர்:
மாடி ஏறும்போது வலிப்பதில்லை, டாக்டர். சர்க்கரை நோயும் இல்லை. குதிகாலை இறக்கிய உடனே பற்கள் அதிர்ந்து வலிக்கின்றன. குனிந்தால் இடக்கன்னம் கனக்கிறது. அண்மையில் ஜலதோஷம் பிடித்தது. இடப்பக்க மூக்கடைப்பு இன்னும் விடவில்லை.

மறுமொழி (பல் மருத்துவர்):
அப்படியானால் சைனஸ் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேல்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகளுக்கும் கன்னப் பகுதியில் மேல்தாடை எலும்பினுள் உள்ள சைனஸ் என்னும் காற்றறைக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கிறது. அந்த அறையின் உட்சவ்வு வீங்கிச் சளி தேங்கினால், ஒவ்வோர் அடியின் அதிர்வும் பல்வலியாகவே உணரப்படும். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலான சைனஸ் அழற்சி வைரஸால் வருவதால், ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் நீடித்து, மூக்கில் துர்நாற்றமும் இருந்தால், பல் வேரிலிருந்தே சீழ் சைனஸுக்குப் பரவியிருக்கக்கூடும். சிறிய பல் எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதுண்டு என்பதால், அப்போது பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் திரும்பவும் செல்லுங்கள்.