நேர்ல பாத்து வரைஞ்சா மட்டும் ஏன் வெறப்பா வருது?

ஆறு மாசமா தினமும் ஸ்கெட்ச் பண்றேன், போட்டோ பாத்து போட்டா ஓரளவு வருது ஆனா நேர்ல ஆள வரைஞ்சா மரப்பொம்ம மாதிரி நிக்குது, அதுக்குள்ள அவங்க அசைஞ்சிடுறாங்க வேற. என்ன பண்றது?

பதில்:
முகத்துலேர்ந்து ஆரம்பிக்கிறீங்களா? நானும் அதுலதான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு கெடந்தேன். டைமர் வச்சு 30 செகண்ட், 1 நிமிஷம், 2 நிமிஷம்னு ஜெஸ்சர் (விவரம் இல்லாம உடம்போட மொத்த போக்க மட்டும் வேகமா புடிக்கிற கோடு) மட்டும் போடுங்க. ஒத்தக் கால்ல வெயிட் போட்டு நிக்கிறவங்களுக்கு அந்தப் பக்க இடுப்பு மேல ஏறும், அதே பக்க தோள் பெரும்பாலும் கீழ எறங்கும், இந்த ரெண்டு சாய்வ புடிச்சாலே பாதி வெறப்பு போயிடும். கழுத்துக்குழியிலேர்ந்து நேரா கீழ கோடு விட்டா வெயிட் தாங்குற பாதத்துக்கிட்ட வரணும், இல்லனா படம் விழுற மாதிரி தெரியும்.

இன்னொரு பதில்:
ரப்பர ஓரமா வச்சிட்டு பேனால போடுங்க. அசைஞ்சா விட்டுட்டு பக்கத்துல புதுசா ஆரம்பிங்க, பாதி பேரு பழைய போஸுக்கே திரும்பி வந்துடுவாங்க. அப்புறம் ஆளோட உயரம் தலையப் போல ஏழரை மடங்குங்கிற கணக்கெல்லாம் நிக்கிறவங்களுக்குத்தான், உக்காந்தவங்கள கைய மடக்காம பென்சில நீட்டி ஒரு கண்ண மூடி அளந்துக்கோங்க.

கேட்டவர்:
ஐயோ, கண்ணு இமையிலேர்ந்துல்ல ஆரம்பிச்சிட்டிருந்தேன் 😅