லிடோ புல்தரையில் ஜெட் இறங்குமா? வெனிஸ் தனி விமானச் சண்டை

தடாகக்கரை: “தனி ஜெட் அமர்த்தினால் மார்க்கோ போலோ விமான நிலையக் கூட்டத்தில் சிக்க வேண்டாம், நேராக வெனிஸுக்குள்ளேயே இறங்கலாம்” என்று விமானப்பித்தன் போன இழையில் எழுதியிருக்கிறார். ஆளாளுக்கு அதைப் பகிர்கிறார்கள். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயா, தனி ஜெட்டில் வருகிறவரும் நிலப்பக்கம் தெஸ்ஸெராவில், அதே மார்க்கோ போலோவில்தான் இறங்க வேண்டும். தனி முனையம் இருக்கிறது, படகுத்துறை இருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து நகர நடுவிலுள்ள சான் மார்க்கோவுக்கு வாட்டர் டாக்ஸியில் அரை மணி நேரமாவது ஆகும். தெரியாமல் அடித்துவிடாதீர்கள்.

விமானப்பித்தன்: தெரியாதது உங்களுக்குத்தான். லிடோ தீவில் நிச்செல்லி விமான நிலையம் இருக்கு. 1961ல மார்க்கோ போலோ திறக்கிறதுக்கு முன்னாடி வெனிஸுக்கு அதுதான் விமான நிலையம். 1934 ஜூன்ல முசோலினியைப் பார்க்க ஹிட்லர் வந்து இறங்கினதே லிடோவுலதான். இன்னைக்கும் சின்ன விமானங்கள் இறங்குது.

தடாகக்கரை: ஹிட்லர் வந்தது ஜெட்டிலா? உந்துவிசிறி வைத்த யுங்கர்ஸ் விமானத்தில் வந்தார். நிச்செல்லி ஓடுபாதை வெறும் புல். நீளம் சுமார் 1,000 மீட்டர். புல்லில் ஜெட்டை இறக்குவீர்களோ?

விமானப்பித்தன்: தாராளமா. பிலாட்டஸ் பிசி-24ன்னு ஒரு சின்ன ஜெட், கேள்விப்பட்டிருக்கீங்களா? சுவிட்சர்லாந்துல ஸ்டான்ஸ்ல செய்றாங்க. 2017 கடைசியில சான்றிதழ் வாங்கிடுச்சு. பிறகு சரளை, புல் ரெண்டுக்கும் அனுமதி வாங்கிட்டாங்க. இப்ப என்ன சொல்றீங்க?

கோந்தோலா: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். வெனிஸ்னா எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. பழைய நகரத் தீவுகள் மட்டுமா, லிடோவும் சேர்த்தியா? மாநகராட்சி எல்லைன்னு பார்த்தா தெஸ்ஸெராவும் வெனிஸ்தான். அப்போ மார்க்கோ போலோவுல இறங்கினாலே வெனிஸ்ல இறங்கின கணக்குதானே?

தடாகக்கரை: அது கிடக்கட்டும். பிசி-24 பற்றிப் பேசுவோம். சொந்த விமானம் வைத்திருப்பவன் துணிந்து இறக்கலாம். நாம் பேசுவது வாடகை விமானம். ஐரோப்பிய விதிப்படி பயணிகளை வாடகைக்கு ஏற்றிவரும் ஜெட், ஓடுபாதை நீளத்தில் 60 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும். 1,000 மீட்டரில் 600. பிசி-24க்கு முழு எடையில், கெட்டியான தளத்திலேயே 720 மீட்டருக்குக் கிட்ட வேண்டும். புல்லில் இன்னும் கூடும். கணக்குப் போடத் தெரியுமா உங்களுக்கு?

விமானப்பித்தன்: முழு எடைன்னு யார் சொன்னா? ரெண்டு பேர், ரெண்டு பெட்டி, பக்கத்து ஊர்ல இருந்து குறைஞ்ச எரிபொருளோட வந்தா? அந்த விகிதத்தைத் தளர்த்தித் தனி அனுமதி கொடுக்கிற விதியும் இருக்கு. அதை ஏன் மறைக்கிறீங்க? ப்ராக் இழையிலயும் இதே வேலைதான் பண்ணீங்க. பாதி விதியைச் சொல்லி ஆளை மட்டம் தட்டுறது.

தடாகக்கரை: ப்ராக் இழையில் நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அங்கே பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். இங்கே 1,000 மீட்டருக்குப் பதில் சொல்லுங்கள்.

இரும்புப்பாதை: புல்லையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே! நகரத்துக்குள்ளேயே போய் இறங்கணும்னா ரயில் இருக்கு. 1846ல தடாகத்து மேல ரயில் பாலம் போட்டாங்க. சாந்தா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்தா எதிரே பெருங்கால்வாய். வியன்னாவுல ராத்திரி ஏறினா காலையில வெனிஸ். சாதாரண விமானப் பயணியோட ஒப்பிட்டா தனி ஜெட் பயணி 5 முதல் 14 மடங்கு மாசு உண்டாக்குறார், ரயிலோட ஒப்பிட்டா 50 மடங்குன்னு ‘டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட்’ அமைப்பு 2021ல கணக்குக் காட்டியிருக்கு. வெக்கமா இல்லையா?

விமானப்பித்தன்: யாராவது உங்களைக் கூப்பிட்டாங்களா? எம்ப்டி லெக்ல, அதாவது ஆளில்லாம திரும்புற ஓட்டத்துல போனா அந்த விமானம் எப்படியும் பறக்கத்தான் போகுது. காலியா போறதுல ஏறினா என்ன பாவம்?

இரும்புப்பாதை: காலியா ஏன் பறக்குது? வாடகைக் கார்ல ரிட்டர்னுக்கும் சேர்த்துக் காசு வாங்குற மாதிரி, முதல்ல அமர்த்தினவர் போக வர ரெண்டுக்கும் கொடுத்திருப்பார். அந்தக் காலி ஓட்டத்துக்கும் ஆள் பிடிச்சுக் கொடுத்தா இந்தத் தொழில் இன்னும்தான் வளரும்.

சதுப்புநிலம்: 2025 ஜூன்ல ஜெஃப் பெசோஸ் கல்யாணத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தனி விமானம் வருதுன்னு செய்தி வந்ததே, மறந்துட்டீங்களா? ஊர்க்காரங்க போராடி, கடைசி விருந்தை அர்செனாலேங்கிற பழைய கப்பல் கட்டுந்தளத்துக்கு மாத்த வச்சாங்க. பழைய நகரத்துல குடியிருக்கிறவங்க 50,000க்கும் கீழ போயாச்சு. அவங்க படுற பாடு உங்க யாருக்கும் கண்ணுல படலை. ஓடுபாதை நீளம் பேசுறீங்க.

தடாகக்கரை: நல்ல வேளை நினைவுபடுத்தினீர்கள். உலகப் பணக்காரர்களின் அந்த விமானங்கள் எங்கே இறங்குவதாகச் செய்தி? மார்க்கோ போலோ, த்ரெவிசோ, வெரோனா. லிடோ புல்தரையை யாராவது சொன்னார்களா? 1,000 மீட்டர், விமானப்பித்தன், 1,000 மீட்டர்!

விமானப்பித்தன்: அவங்க வந்தது பெரிய கல்ஃப்ஸ்ட்ரீம் ரகம். அதுக்கு 1,000 மீட்டர் போதாதுன்னு எனக்கும் தெரியும். நான் சொன்னது பிசி-24. பிசி-24!

சதுப்புநிலம்: பதில் சொல்ல மாட்டீங்க. 2021 ஆகஸ்ட்ல 25,000 டன்னுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்களை நகரத்தை ஒட்டின ஜூதெக்கா கால்வாயில இருந்து விரட்டினாங்களே, அப்பவும் இங்கே ஒருத்தர் கப்பல் கம்பெனிக்காகக் கண்ணீர் விட்டார்.

இரும்புப்பாதை: அந்த ஒருத்தர் நான்னு நேராவே சொல்லுங்களேன். நான் துறைமுகத் தொழிலாளிக்காகத்தான் பேசினேன், கம்பெனிக்காக இல்லை. திரிக்காதீங்க.

கோந்தோலா: வெனிஸ்னா எதுன்னு நான் கேட்டேன்…

தடாகக்கரை: இரும்புப்பாதை, உங்கள் கப்பல் வழக்கை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானப்பித்தனிடம் கேட்கிறேன்: லிடோவுக்கு ஜெட் வாடகைக்கு வருகிறோம் என்று ஒரு நிறுவனத்திடமாவது எழுத்தில் வாங்கி இங்கே போடுங்கள். அதுவரை உங்கள் பேச்சு பொய்தான்.

விமானப்பித்தன்: பொய்யனா நான்? முடியாதுன்னு சொல்றவர் நீங்க, நீங்க வாங்கிப் போடுங்க எழுத்துல. பிசி-24 புல்லுல இறங்கும். நூறு தடவை கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்.