பழைய ஜீப்புக்கு ரோல் கேஜ்: மனதை விட்டுப் போகாத அனுபவங்கள்

பழைய இரும்பு:

என்னுடையது குட்டை வீல்பேஸ் சீரிஸ் லேண்ட் ரோவர். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் பைப் கூண்டு, அதாவது ரோல் கேஜ், போடக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்துவிட்டது, பெயின்ட் அடிக்கலாமா என்று பட்டறையில் கேட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. வளைவுகளில் ஒரு சுருக்கம் இல்லை, வெல்டிங் எல்லாம் ஒரே சீர். கூட வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் பல் டாக்டர் வைத்திருப்பாரே, அந்தச் சின்னக் கண்ணாடி, அதைப் பையிலிருந்து எடுத்தார். மெயின் ஹூப்புக்கும் (சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் முக்கியப் பைப்) கூரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைத்து, செல்போன் வெளிச்சம் காட்டி, "நீங்களே பாருங்க" என்றார்.

குறுக்குப் பைப் வந்து சேரும் இடத்தில் கீழ்ப் பாதி மட்டும்தான் வெல்டிங். மேல் பாதி திறந்து கிடந்தது. பைப்பை வெட்ட அளவெடுத்துப் போட்ட மார்க்கர் கோடுகூட அழியவில்லை. சூடே படாத அந்தக் கோடுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அங்கே வெல்டிங் டார்ச் போகாது சார், யார் பார்க்கப் போறாங்க" என்றார் பட்டறைக்காரர். போகும். கூரையைக் கழற்ற முடியாத வண்டி என்றால், டேக் (அங்கங்கே பொட்டு வெல்டிங்) வைத்தபின் கேஜின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் ஓட்டை போட்டு, கேஜைக் கீழே இறக்கினால் மேலே கை வைக்க இடம் வந்துவிடும். சுற்றிலும் முழுசாக வெல்டிங் வைத்து, தூக்கி, அப்புறம் அடியில் பிளேட். சீரிஸ் வண்டிக்கு அந்தப் பாடுகூட வேண்டாம், கூரை போல்ட்டில்தான் நிற்கிறது. வேறு இடத்தில் கொடுத்து அப்படித்தான் முடித்தேன். ஆனால் பெயின்ட் அடித்த கேஜோடு கைமாறும் வண்டிகளில் எத்தனையில் இந்தப் பாதி ஜாயின்ட் இருக்குமோ?

மலைப்பாதை:

ஜாயின்ட் முக்கியம்தான் அண்ணே. ஆனால் நான் நேரில் பார்த்தது கேஜின் காலடியில் நடந்தது.

எங்களோடு வந்த பழைய வில்லிஸ் ஜீப் சரிவில் குறுக்கே போகும்போது மெதுவாகச் சாய்ந்து தலைகீழாகிவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் ஓட்டியவருக்கு ஒன்றும் இல்லை. வின்ச் போட்டு நிமிர்த்தினோம். ஹூப் நேராகத்தான் நின்றது, வளையவில்லை, வெல்டிங் விடவில்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை. சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் புரிந்தது: ஹூப் நாலு விரல் குள்ளமாகியிருந்தது. கால் தரைத் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. காலடி பிளேட்டின் கூரான விளிம்பு தகட்டை மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கம் மடக்கி விட்டிருந்தது. அடியில் குனிந்து பார்த்தால் வெறும் வாஷர்கள். தாங்கு தகடு கிடையாது.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் 253-ஆம் பிரிவைப் பாருங்கள். மெயின் ஹூப்பின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மி.மீ. தடிமனில், 120 சதுர செ.மீ. பரப்பில் தாங்கு தகடு, 8.8 தரத்தில் எம்8 (8 மி.மீ.) போல்ட் குறைந்தது மூன்று வேண்டும் என்கிறது. அது பந்தய வண்டிக்கான விதிதான். ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்து எழுதியது.

சேஸிஸ் பிரியன்:

பாடியில் கேஜை நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் மலைப்பாதை. பழைய வண்டியின் தரையை நம்பலாமா? நண்பரின் பழைய டொயோட்டா எஃப்ஜே40-இல் கேஜ் கால் வரவேண்டிய இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். பெயின்ட் தோல் கிழிந்து, பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. கை அப்படியே நின்றுபோனது. மேலே புது பெயின்ட், உள்ளே துரு மட்டும்தான். கேஜின் காலை நேராகச் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கட்டுங்கள்.

கேஜ் கட்டப்போகிற தம்பிகளுக்கு இன்னும் சில விஷயம். தண்ணீர் பைப் வேண்டவே வேண்டாம். அந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பை வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை வரும், உடம்புக்குக் கெடுதல். அதற்குமேல், அது அடி தாங்கச் செய்த பொருளே அல்ல. குளிர்முறையில் இழுத்த சீம்லெஸ் (நீளவாக்கில் மூட்டு இல்லாத) டியூப் வாங்குங்கள். மெயின் ஹூப்புக்கு 45 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50-க்கு 2. மற்றவற்றுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. எஃப்.ஐ.ஏ. சொல்லும் குறைந்தபட்சம் இதுதான். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. வளைவின் உள்பக்கம் சுருக்கம் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள், தட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், மடங்கும்போது முதலில் அங்கேதான் மடங்கும். பைப் முனையை ஹோல் சாவில் வெட்டி, மற்ற பைப்பின்மேல் வெளிச்சம் தெரியாமல் உட்காரும்வரை உரசுங்கள். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்புவது வேலை இல்லை. 4130 குரோம்மோலி என்ற கலப்பு ஸ்டீல் உறுதியானதுதான், ஆனால் கைதேர்ந்தவர் வெல்டிங் செய்யாவிட்டால் ஜாயின்ட்டின் ஓரத்தில் உடையும், சாதா ஸ்டீலே போதும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். அலுமினியப் பாடி என்றால் ஸ்டீல் பிளேட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பரோ சீலன்ட்டோ வையுங்கள், இல்லையென்றால் ஈரம் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும்.

மெதுவா போ:

சேஸிஸ் பிரியன் சார், பைப் அளவெல்லாம் சரி. "நேராகச் சேஸிஸில்" என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படி நேரே வெல்டிங் வைத்த ஒரு வண்டி, ஒரு முன்சக்கரம் பாறையில் ஏறியபடி நிற்கும்போது பின்னால் உட்கார்ந்து கவனித்தேன். ஹூப்புக்கும் பாடிக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. சக்கரம் ஏற ஏற அது மூடி, தகடு பைப்பில் உரசிக் கிறீச்சிட்டது. இறங்கியதும் திரும்பத் திறந்தது. சேஸிஸ் முறுக்குகிறது, பாடி ரப்பரில் மிதக்கிறது, கேஜ் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. அந்த வண்டியின் ஹூப் அடியில் வெல்டிங் ஓரமாக முடி கனத்தில் விரிசல் ஓடியிருந்தது, விண்ட்ஷீல்டு மூலையிலும்தான். கால் சேஸிஸுக்கு வரட்டும், நடுவில் பாடி மவுன்ட் (பாடியைச் சேஸிஸில் உட்காரவைக்கும் ரப்பர்) மாதிரியே ரப்பர் புஷ் இருக்கட்டும்.

பின்சீட்டு:

கால், ஜாயின்ட் எல்லாம் பேசுகிறீர்கள். தலையை யாரும் பேசவில்லை.

புதுக் கேஜ் போட்ட நண்பரின் ஜீப்பில் பெல்ட்டை இழுத்துக் கட்டி உட்கார்ந்தேன். அவர் என் காதுக்குமேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக வெளிப்பக்கம் தள்ளினார். டக். நெற்றிப்பொட்டு பைப்பில் பட்டது. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, கழுத்து மட்டும் வளைந்ததற்கே இந்தக் கதி. மெதுவாகத் தள்ளியபோதே அந்தக் குளிர்ந்த இரும்பு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். பந்தயத்தில் ஹெல்மெட் போடுகிறார்கள். நாம் வெறும் தலையோடு சாலையில் ஓட்டுகிறோம். விரலால் அமுக்கினால் பொசுக்கென்று உள்ளே போகும் ஸ்பாஞ்சு உதவாது, தலைக்குப் பக்கத்துப் பைப்புக்கென்றே செய்த கெட்டியான பேடிங் இருக்கிறது, எஃப்.ஐ.ஏ.வின் 8857-2001 தரம் என்று கேளுங்கள்.

லோ கியர்:

வில்லிஸில் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். பட்டறையில் ஹூப் காலுக்கு வெல்டிங் வைக்க ஒருவர் தயாரானார். சீட்டு கழற்றியிருந்தது, டேங்க்மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தார்கள். முதல் பொறி தெறிக்கும்முன் இன்னொரு பெரியவர் ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். சத்தம்கூடப் போடவில்லை, கை மட்டும் நடுங்கியது. டேங்க்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தபிறகுதான் சுவிட்ச் பக்கத்திலிருந்து நகர்ந்தார்.

சேஸிஸ் பிரியன் சார், உங்கள் பட்டியலில் பேட்டரிக்கு மேலே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.