ரோபோ உதவியுடனான முழங்கால் மூட்டு மாற்று: அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டு செல்ல வேண்டுமா?

உப்புவெளி மகள்:
68 வயதான என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்து வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. கோணேசர் கோயில் படிகளில் ஏறுவதையே விட்டுவிட்டார். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை அவசியம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். உறவினர்களோ, ரோபோவைக் கொண்டு அவரவர் காலுக்கேற்பச் செய்யும் முறைக்காகக் கொழும்புக்குப் போகச் சொல்கிறார்கள். அதில் என்பை வெட்டுவது இயந்திரமா, வைத்தியரா? கூடுதல் செலவுக்குத் தக்க பலன் உண்டா?

உவர்மலை, ஓய்வுபெற்ற தாதி:
வெட்டுபவர் வைத்தியரே. மேக்கோ என்ற கருவியில், முன்கூட்டியே எடுத்த சி.டி. ஸ்கானிலிருந்து திட்டம் வரையப்படுகிறது. வாள் இயந்திரக் கையில் பொருத்தப்பட்டிருந்தாலும் அதை நகர்த்துபவர் வைத்தியர், குறித்த எல்லையைத் தாண்டினால் அது நின்றுவிடும். ரோசா என்ற கருவி வெட்டுவதில்லை. வாள் செல்ல வேண்டிய வழிகாட்டியைச் சரியான இடத்தில் பிடித்துக்கொடுக்கிறது. கால் இருக்கும் நிலையைக் கமரா அறிவதற்காகத் தொடை என்பிலும் கீழ்க்கால் என்பிலும் துளையிட்டு உலோக ஊசிகள் பொருத்தப்படும். அந்தத் துளைகளில் கிருமித்தொற்றோ முறிவோ ஏற்படுவது அரிது, ஆனாலும் இதைப் பலர் சொல்வதில்லை.

நிலாவெளி வாசகர்:
'அவரவர் காலுக்கேற்ப' என்பதைக் கேட்டு, அம்மாவுக்கென்றே மூட்டு வார்க்கப்படும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் பொருத்தப்படுவது வழக்கமான அளவுகளில் வரும் மூட்டுத்தான். மாறுவது அதை வைக்கும் கோணம். பழைய முறையில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றின் நடுப்புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வருமாறு எல்லோருக்கும் வெட்டுவார்கள். ஆனால் 2012இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில், ஆரோக்கியமான இளைஞர்களில் ஆண்கள் 32 சதவீதத்தினருக்கும் பெண்கள் 17 சதவீதத்தினருக்கும் கால் இயல்பிலேயே 3 பாகையோ அதற்கு மேலோ வெளிவளைந்திருந்தது. அத்தகையவரின் காலை முழுக்க நேராக்கினால் மூட்டின் என்புகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்த வேண்டிவரும் என்பதால், தேய்வுக்கு முன்பிருந்த சாய்வையே மீட்க முயல்வதுதான் புதிய போக்கு. இதை ரோபோ இல்லாமலும், வெட்டிய என்புத் துண்டின் தடிப்பைக் கலிப்பர் என்ற அளவுகருவியால் அளந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். ரோபோவால் வெட்டின் துல்லியம் கூடுகிறது; வலியிலும் நடையிலும் பெரிய முன்னேற்றம் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆகவே என் அபிப்பிராயம், இயந்திரத்தைத் தேடி நெடுந்தூரம் போவதைவிட, இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்யும் வைத்தியரைத் தேடுவதே மேல். எந்தக் கோணத்தில், ஏன் வைக்கப்போகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

இயன்மருத்துவர்:
எந்த முறையானாலும் முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை அம்மாவே செய்தாக வேண்டும். நீரிழிவு இருந்தால் அதை முன்கூட்டியே கட்டுப்படுத்துங்கள். தரையில் சம்மணமிட்டு அமர்வது பிறகு பலருக்குக் கடினம். வீட்டில் குந்தியிருக்கும் மலசலகூடம் என்றால், கொமோட்டை இப்போதே பொருத்திவிடுங்கள்.