"தப்பாகத் தொட்டுவிட்டேனா தம்பி?"

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். பணம் அனுப்பும் செயலி ஒன்றை வெளியிடுவதற்கு முன்பு, எழுபதைத் தாண்டிய சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். எனக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார்கள். பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது, அவர்கள் கையிலிருந்து போனை வாங்கவும் கூடாது. முதலில் வந்த அம்மாவிடமே நிபந்தனையை மீறியிருப்பேன்.

பட்டியலில் மகளின் பெயரைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. விரல் நுனி காய்ந்திருந்தால் தொடுதிரை சில நேரம் அதை உணராது. விரல் உண்டாக்கும் மின் மாற்றத்தைத்தான் அந்தத் திரை கவனிக்கிறது, அழுத்தத்தை அல்ல. வாழ்நாள் முழுக்கச் சுவிட்சையும் அழைப்பு மணியையும் அழுத்திப் பழகியவருக்கு அது எப்படித் தெரியும்? இன்னும் பலமாக அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை. அரை வினாடி கடந்ததும் செயலி அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு ஒரு பட்டியலை விரித்தது. அதன் முதல் வரி 'நீக்கு'.

போனைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டார், சூடான பாத்திரத்தை வைப்பதுபோல. "தப்பாகத் தொட்டுவிட்டேனா தம்பி? பணம் போய்விட்டதா?"

அந்த மறைவான பட்டியல் என் யோசனை. இடம் மிச்சமாகிறது என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

பிறகு சாம்பல் எழுத்து. விழிவில்லை வயதாக ஆக மஞ்சளிக்கும். உள்ளே போகும் வெளிச்சமும் குறையும். வலை அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. என்னுடையது 2.8:1. என் பெரிய திரையில் அது நேர்த்தியாகத்தான் இருந்தது. அந்த அம்மாவோ போனை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இப்போது பெயரைச் சட்டென்று தொட்டாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒரே பக்கம்தான் திறக்கும்.

* * *

நான் 1951-இல் பிறந்தவன், ஓய்வுபெற்ற கணக்காளன். செயலியில் பிறந்த ஆண்டைச் சொல்ல ஏன் ஒரு சக்கரத்தை உருட்ட வேண்டும்? நடப்பு ஆண்டில் தொடங்குகிறது. தள்ளினால் 1964. இன்னொரு தள்ளு, 1938. மெதுவாக மேலே இழுத்தால் 1952-இல் நின்று அடம் பிடிக்கிறது. நான்கு எண்களைத் தட்ட ஒரு பெட்டி போதாதா?

இன்னொன்று. கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. தொலைபேசியில் 1, 2, 3. முப்பது ஆண்டுகள் கால்குலேட்டரோடு வாழ்ந்த விரல்கள் ரகசிய எண்ணைத் தாமாகவே தலைகீழாக அடிக்கின்றன. மூன்று முறை தவறினால் கணக்கு முடங்குகிறது. பிள்ளைகள் இதை மறதி என்கிறார்கள்.

'முதியோர் பயன்முறை' என்ற ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். எழுத்து பெரிதானது, நான் தினமும் பார்க்கும் வரவுசெலவுப் பக்கம் காணாமல் போனது. கண்தான் மங்கியிருக்கிறது ஐயா, புத்தி அல்ல. அன்றைக்கே அணைத்துவிட்டேன்.

* * *

நான் நிரல் எழுதுபவள். என் அம்மா போனில் எழுத்தளவை உச்சத்தில் வைத்திருக்கிறார். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் அந்த அளவுக்கு எழுத்து பெருத்ததும் 'உறுதிசெய்' பொத்தான் திரைக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் நகரவும் நகராது. 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் எதுவும் விடுபடக் கூடாது என்ற விதி எனக்கு மனப்பாடம். சோதித்துப் பார்த்ததோ இயல்பான அளவில் மட்டும்.

அம்மா புகார் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் அமைப்புகளுக்குள் போய் எழுத்தைச் சிறிதாக்கி, கண்ணுக்குத் தெரியாத பொத்தானை இடம் பார்த்துத் தொட்டு, பணம் கட்டியதும் திரும்ப எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். போன் உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது: ஏழு படிகள், அவர் கையெழுத்தில். அது நான் வேலை செய்த செயலி.

சரிசெய்துவிட்டுச் சீட்டைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும், நீ மறுபடியும் எதையாவது மாற்றுவாய்" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.