வேலை சுணங்கினால் 'பாயில் காற்றுப் போச்சு' என்று நம் பக்கம் யாராவது சொல்வார்களா?

அரூர்க்காரி கேட்டது

எனக்கு ஊர் அரூர் பக்கம். வீட்டிலிருந்தே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற வேலை. இப்போது கையில் இருப்பது ஓசூர்த் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராகச் சேருகிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு, 60 பக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலை நடுவில் ஏன் வேகம் இழக்கிறது என்பதற்கே ஒரு முழு அத்தியாயம். மூலத்தை எழுதியவருக்குப் பாய்மரக் கப்பல் பழக்கம் போலிருக்கிறது. வேலை சுணங்குகிற இடம் வந்தால் கப்பல் வழக்கு ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது.

நாலு தொடர்களில் ஒரு வாரமாக நிற்கிறேன். ஒருவருடைய பாயிலிருந்து காற்றை எடுத்துவிடுவது. 'டோல்ட்ரம்ஸ்' என்ற இடத்தில் மாட்டிக்கொள்வது. 'இன் அயர்ன்ஸ்', அதாவது விலங்கு பூட்டியது மாதிரி நிற்பது. அப்புறம், தண்ணீரில் செத்துக் கிடப்பது.

முதலில் சொல்லுக்குச் சொல் போட்டுப் பார்த்தேன். எதை முடித்தாலும் ராத்திரி அம்மாவிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அம்மாவுக்குப் புரியாத வாக்கியத்தை நான் அனுப்புவதில்லை. அன்றைக்குக் களியை உருட்டிக்கொண்டே கேட்டார்: "எந்தப் பாய்ல காத்து? கோரைப் பாய்லயா?" கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அவருக்குப் பாய் என்றால் படுக்கிற பாய். கடலை ஒரே ஒரு தடவை, கன்னியாகுமரியில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலுக்கு அரைநாள் ஆகும்.

சரி, தமிழில் ஏற்கெனவே இருப்பதைப் போடலாம் என்று உட்கார்ந்தேன். புஸ்வாணம் ஆனது, பிசுபிசுத்துப் போனது, சப்பென்று ஆனது, வியாபாரம் படுத்துவிட்டது, கிடப்பில் போட்டார்கள். ஒன்றுக்கும் குறையில்லை, ஆனால் ஒன்றும் உட்காரவில்லை. புஸ்வாணம் என்றால் வெடிக்கவே இல்லை என்று அர்த்தம். எனக்கு வேண்டியது, ஓடிக்கொண்டிருந்தது ஓட்டம் இழந்ததைச் சொல்கிற வார்த்தை. கிடப்பில் போடுவது என்றால் யாரோ முடிவெடுத்து ஓரம் கட்டினார்கள் என்று ஆகிவிடுகிறது. கப்பலை யாரும் ஓரம் கட்டவில்லையே.

கடல் உவமை தமிழில் இல்லாமல் இல்லை. கரை சேர்ந்தான், நடுக்கடலில் தவிக்கிறான், மானம் கப்பல் ஏறிப் போச்சு, கப்பலே கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டான் என்றெல்லாம் எங்கள் ஊரிலும் சொல்கிறோம். எல்லாமே கரையைப் பற்றியோ கவிழ்வதைப் பற்றியோதான் இருக்கின்றன. காற்று இல்லாமல் சும்மா நிற்கிற கப்பல் நம் பேச்சில் எங்கே இருக்கிறது?

இவ்வளவு அலட்டிக்கொள்ளக் காரணம் உண்டு. என் சித்தி மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறான். போன வருடம் அவனுக்கு இப்படி ஒரு தமிழ்க் கையேடு கொடுத்தார்கள். பத்துப் பக்கம் படித்துவிட்டு, "அக்கா, எழுத்து தமிழா இருக்கு, ஆனா தமிழ்ல பேசல" என்று என்னிடம் நீட்டினான். அவன் பன்னிரண்டாவதில் தமிழில் நல்ல மார்க் எடுத்தவன். அந்தப் புத்தகத்தை மூடி வைத்ததற்கு அவன் காரணமில்லை. என் புத்தகத்தை அவன் மூடக் கூடாது.

உங்கள் வீட்டில், உங்கள் தொழிலில், ஓடின வேலை நின்றுபோனால் என்ன சொல்வீர்கள்? பேச்சில் வருகிற மாதிரியே எழுதுங்கள்.

பென்னாகரத்து வாத்தியார் எழுதியது

அம்மா, நல்ல கேள்வி. முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியை எந்தப் பையனும் என்னிடம் கேட்டதில்லை.

'கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.' இடனறிதலில் வருகிற குறள். உவமைக்கும் இது பொருந்தும். அந்த நாவாயை அரூர் வரைக்கும் இழுத்து வர வேண்டாம். ஆனால் காற்றை விட்டுவிடாதீர்கள். காற்று நமக்கும் சொந்தம். கடல்காரனுக்குப் பாய் என்றால் நமக்கு முறம்.

நீங்கள் ராகி தூற்றிப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் மார்கழிக் கடைசியில் களத்தில் அடித்துக் குவிப்போம். அப்பா முக்காலி மேல் ஏறி நிற்பார். அம்மா கீழேயிருந்து முறத்தில் அள்ளிக் கொடுப்பார். அப்பா அதைத் தலைக்கு மேலே தூக்கி, விளிம்பை லேசாகச் சாய்த்து ஆட்டுவார். காற்று சீராக இருந்தால் ராகி நேராக அவர் காலடியில் விழும், பொட்டும் தூசியும் நாலு முழம் தள்ளிப் போய் விழும். இரண்டு குவியலுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி வெறும் தரை தெரியும். திடீரென்று காற்று நின்றுவிடும். மார்கழி, தையில் அது விட்டு விட்டுத்தான் அடிக்கும். அந்த நேரத்தில் முறத்தைச் சாய்த்துவிட்டால் பொட்டெல்லாம் சுத்தமான ராகி மேலேயே விழும், காலையிலிருந்து செய்த வேலை வீண். அதனால் அப்பா கையை இறக்காமல் அப்படியே நிற்பார். "காத்து விழுந்துடுச்சு" என்பார். அந்த ஒரு சொல்தான். களத்தில் இருக்கிற எல்லோரும் கையை நிறுத்திவிடுவார்கள்.

உங்களுக்கு வேண்டிய சொல் இதுதான் என்று எனக்குப் படுகிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதைத் தமிழ்நாடே சொல்கிறது. அதே களத்தில் நின்று சொல்கிற மறுபாதியை மட்டும் ஏட்டில் யாரும் ஏற்றவில்லை. இப்போது டேபிள் ஃபேன் வைத்துத் தூற்றுகிறார்கள், ராகித் தாளைத் தார் ரோட்டில் பரப்பி வண்டியை ஏற விடுகிறார்கள். இருந்தாலும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் 'காத்து விழுந்துடுச்சு' என்றால் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று. யாரோ குறுக்கே வந்து வேகத்தைக் கெடுத்தால் முட்டுக்கட்டை என்கிறோமே, அது தேர்ச் சொல். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சக்கரத்தடியில் மரக்கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் நடக்கும். அந்தக் கட்டைதான் முட்டுக்கட்டை. ஓடுகிற ஒன்றை நிறுத்துகிற சொல் என்பதால் உங்கள் கணக்கில் அதுவும் சேரும்.

ஓசூரில் ஒரு கடலோரத்தான் எழுதியது

நான் தூத்துக்குடிப் பக்கம். பதினாலு வருடமாக ஓசூரில் இருக்கிறேன். அப்பா இன்ஜின் வருவதற்கு முன்னால் பாய் வைத்த வள்ளத்தில் போனவர். வாத்தியார் ஐயா சொன்ன சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தங்கச்சி, நாலு தொடருக்கும் அதையே போட்டுவிடாதீர்கள். நாலும் நாலு விதமான நிற்றல். அதைப் பிரித்துக் காட்டத்தான் கையேட்டில் நாலு எழுதியிருப்பார்கள்.

பாயிலிருந்து காற்றை எடுப்பது: இதில் காற்று நிற்கவே இல்லை. காற்று வருகிற பக்கமாக இன்னொரு கப்பல் வந்து நின்றுகொள்கிறது. அதன் பாய் காற்றை வாங்கிக்கொள்வதால் அதன் மறைவில் இருக்கிற உன் பாய் தொய்ந்துவிடும். கடல் சண்டையில் எதிரியை இப்படித்தான் மடக்குவார்கள், இன்றைக்கும் பாய்ப் படகுப் பந்தயத்தில் இதைச் செய்கிறார்கள். ஆக, ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் செய்கிற வேலை இது. நீ மீட்டிங்கில் சொல்லலாம் என்று வைத்திருந்ததை உனக்கு முன்னால் இன்னொருத்தன் எழுந்து சொல்லிவிட்டால் எப்படி இருக்கும், அது. முட்டுக்கட்டைகூட இதற்கு முழுசாகப் பொருந்தாது. கட்டை வைக்கிறவன் உன்னை நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறவன். இவன் உன் காற்றில் தான் ஓடுகிறான்.

டோல்ட்ரம்ஸ் பூமத்திய ரேகையை ஒட்டிய கடல் பகுதி. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிற காற்றுகள் அங்கே சந்தித்து, சூடாகி மேலே போய்விடுகின்றன. கடல் மட்டத்தில் நாள் கணக்கில் காற்று அசையாது. இதில் யார் மேலும் தப்பு இல்லை, அந்த இடம் அப்படி. ஒரு விஷயம் உங்களுக்கு உதவலாம். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மனச்சோர்வு என்ற பொருள்தான் முதலில் வந்தது, கடல் பகுதிக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. அதனால் 'மந்தம்' என்று போட்டாலே பாதி மூலத்துக்குப் போய்விடுகிறீர்கள். மந்தமாக இருக்கிறது என்று வானத்துக்கும் சொல்வோம், வயிற்றுக்கும் சொல்வோம், மார்க்கெட்டுக்கும் சொல்வோம்.

இன் அயர்ன்ஸ்தான் கொடுமையானது. பாய்ப் படகு எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, வளைத்து வளைத்துத்தான் ஏற வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும்போது வேகம் போதவில்லை என்றால் மூக்கு காற்றைப் பார்த்தபடி நின்றுவிடும். காற்று பலமாக அடிக்கும், பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு மட்டும் நகராது. சுக்கானைத் திருப்பினாலும் கேட்காது. ஓட்டம் இருந்தால்தான் சுக்கான் பிடிக்கும், தண்ணீர் அதை உரசிப் போக வேண்டும். வெளியே வருவதற்குப் பாயைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்து, படகைக் கொஞ்சம் பின்னால் போகவிட்டு, மூக்கைத் திருப்ப வேண்டும். பின்னால் போனால்தான் முன்னால் போக முடியும் என்ற நிலைமை. உங்கள் அத்தியாயத்தில் இது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

தண்ணீரில் செத்துக் கிடப்பது: ஓட்டம் முழுசாகப் போனது. அவ்வளவுதான்.

பாலக்கோடு தோட்டக்காரன் எழுதியது

எனக்குக் கப்பல் தெரியாது. ஆனால் அண்ணன் சொன்ன அந்த விலங்கு பூட்டின கதை எங்கள் கிணற்று மேட்டில் வாரம் ஒரு தடவை நடக்கிறது. சுவிட்ச் போட்டால் மோட்டார் சுற்றும், சத்தம் வரும், கரண்ட் ஓடும், தண்ணீர் மட்டும் வராது. ஏர் பிடித்துவிட்டது என்போம். அடியில் ஃபுட்வால்வ் லீக் ஆகிக் குழாயில் தண்ணீர் இறங்கியிருக்கும், உள்ளே காற்று நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இழுக்காது, மோட்டார்தான் சூடாகும். நிறுத்திவிட்டு மேலேயிருந்து குடத்தில் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பி மறுபடியும் போட வேண்டும். எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போய்ப் பேச்சு நகராமல் திரும்பி வந்தாலும் 'ஏர் பிடிச்சுக்கிச்சு' என்றுதான் சொல்வோம். ஃபேக்டரிப் பையன்கள் பாதிப் பேர் வீட்டில் கிணறும் மோட்டாரும் இருக்கும், புரியும்.

அரூர்க்காரி எழுதியது

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு நாள் இதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

கடலோரத்து அண்ணா சொன்ன பிறகுதான் என் தப்பு தெரிந்தது. நாலையும் 'வேகம் குறைந்தது' என்ற ஒரே பையில் போட்டு, அதற்கு அழகான ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். மூலத்தை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். விலங்கு வருகிற இடம், ஒரு லைனில் பழைய முறையை விட்டுப் புது முறைக்கு மாறும்போது பாதியில் நின்றுபோகிற கதை. அங்கே பாலக்கோட்டுக்காரர் சொன்ன மோட்டாரையே வைத்துவிட்டேன்: 'மோட்டார் சுற்றுகிறது, ஏர் பிடித்துக்கொண்டது.' சித்தி மகனுக்கு அந்தப் பத்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது எங்க லைன்தான்" என்று பதில் போட்டான்.

ஆர்டர் குறைந்து எல்லோரும் சோர்ந்திருக்கிற இடத்துக்குக் 'காத்து விழுந்துடுச்சு'. வாத்தியார் ஐயா, அதை எழுத்துத் தமிழாக்காமல் சூப்பர்வைசர் வாயில் பேச்சாகவே விட்டிருக்கிறேன். அம்மா அந்த வரியில் நிறுத்தச் சொன்னார். அவருடைய அப்பாவும் முக்காலி மேல் அப்படித்தான் கையைத் தூக்கியபடி நிற்பாராம். "கை கடுக்கும்டி, ஆனா இறக்க மாட்டாரு" என்றார். தாத்தாவைப் பற்றி இதுவரை அம்மா என்னிடம் சொல்லாத ஒன்று.

செத்துக் கிடப்பதற்கு உவமையே போடவில்லை. 'வேலை நின்றுவிட்டது' என்று எழுதிவிட்டேன். அடுத்தவன் காற்றை எடுத்துக்கொள்கிற இடத்துக்குத்தான் இன்னும் சரியாக அமையவில்லை. இப்போதைக்கு 'அவன் பேச வைத்திருந்ததை இவன் முந்திக்கொண்டு பேசிவிட்டான்' என்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை நேரம் இருக்கிறது, யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

அண்ணா, ஒன்று கேட்க விட்டுப் போச்சு. நடுக்கடலில் காற்று நின்றுவிட்டால் உங்கள் அப்பா என்ன சொல்வார்?

ஓசூரில் ஒரு கடலோரத்தான் எழுதியது

"கடல் எண்ணெயா கெடக்கு" என்பார். அலை இல்லாமல், மேலே பளபளவென்று, எண்ணெய் ஊற்றின மாதிரியேதான் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் கையைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு முழுக்கத் துடுப்பு வலித்திருப்பார், உள்ளங்கை இரண்டும் கொப்புளமாக இருக்கும். அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிடுவார்.