மாசமா இருக்கேன்னு வேலைய விட்டு நிக்கச் சொல்லுதாங்க. யார்கிட்ட போகணும்?

டவுன்காரி:
நெல்லை டவுன்ல ஒரு துணிக்கடை, சேலை செக்‌ஷன்ல நாலு வருசமா நிக்கேன். இப்ப அஞ்சாம் மாசம். கால் வீங்குதேன்னு முக்காலியில உக்காந்தேன். சூப்பர்வைசர் வந்து முக்காலியத் தூக்கி குடோன்ல போட்டுட்டாரு. மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "பிள்ளைய பெத்துட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்"னு ராஜினாமா எழுதி கையெழுத்து கேக்காங்க. இன்னும் போடல. கூட வேலை பாக்குற அண்ணனுக்கு முதுகுவலின்னதும் பில் கவுண்டர்ல உக்கார வச்சாங்க. எனக்கு மட்டும் வீட்டுக்குப் போன்னா என்ன நியாயம்? சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்காங்க. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுதாரு, வக்கீலுக்குக் குடுக்கப் பணம் இல்ல. மாமியார் பெரிய இடத்தப் பகைக்காதங்காங்க.

பேட்டை அண்ணாச்சி:
தாயி, கையெழுத்து மட்டும் போட்டுராத. போட்டா நீயா நின்னதா ஆயிரும், அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் கஷ்டம். ரிட்டையர் ஆகுற வரைக்கும் தொழிற்சங்க வேலை பாத்தவன், இதே கதைய எத்தனையோ பிள்ளைங்க அழுதுக்கிட்டே சொல்லிக் கேட்டிருக்கேன்.

மாசமா இருக்கதக் காரணம் காட்டி நிறுத்த சட்டத்துல இடமே கிடையாது. முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. உனக்கு இஎஸ்ஐ இருக்கதால, சந்தா கட்டுன நாள் கணக்கு சரியா இருந்தா அந்தப் பணத்த இஎஸ்ஐயே குடுக்கும். முதலாளி தன் பையில இருந்து எடுக்க வேண்டியதில்ல. அப்படியிருந்தும் போகச் சொல்லுதாங்கன்னா எனக்கு வயிறு எரியுது. அந்த முக்காலிக்கும் சட்டம் இருக்கு. கடைகள்ல வேலை பாக்குறவங்க உக்கார இருக்கை வைக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல திருத்தம் கொண்டுவந்தாச்சு.

வக்கீல் ஃபீசுக்குக் கவலப்படாத. பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சுத் தரணும்னு 1987 சட்டமே சொல்லுது. போக முடியலன்னா 15100க்குப் போன் போடு. மீறி நிறுத்திட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள தொழிலாளர் துறையில அப்பீல் போட்டுரணும். நாள் தள்ளிப் போடாத.

மேலப்பாளையம் அக்கா:
என் தங்கச்சிக்கும் இப்படித்தான். நாங்க முதல்ல செஞ்சது, "நான் ராஜினாமா செய்யல, வேலைக்கு வரத் தயார்"னு எழுதி கடைக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால் அனுப்புனதுதான். அந்த அட்டை திரும்பி வந்ததும் அவங்க பேச்சே மாறிட்டு. சம்பள ரசீது, இஎஸ்ஐ அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் நகல் எடுத்து வீட்டுல வைங்க. மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, வக்கீல் வாயால கேட்டா அவங்க பயமும் தெளியும்.

டவுன்காரி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றிக்கா. திங்கக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போறேன். கடைக்கு லீவு சொல்லணுமா?

பேட்டை அண்ணாச்சி:
கட்டாயம் சொல்லு. வாயால சொல்லாத, சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பு. இல்லன்னா சொல்லாம நின்னுட்டான்னு எழுதிருவாங்க. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போயிரு.